மூன்று நாள் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரெடிட் கார்டு மோசடி பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. யாரோ ஒருவர் ஓடிபி சொல்லிவிட்டார், லட்சக்கணக்கில் போய்விட்டது, போலீஸ் விசாரிக்கிறது, ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கடைசியில் ஒரு வரி, அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த அறிவுரை சரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பணம் போன பிறகு அந்த மனிதர் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும், அந்த நஷ்டம் அவர் தலையிலா வங்கியின் தலையிலா என்பதை யாருமே எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் நடந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தஞ்சாவூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடம் முன்பு ஒரு துணிக்கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பையன் 'வாழ்நாள் முழுக்க இலவசம் சார்' என்று சொல்லி அவருக்கு ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தான். மருந்து, மளிகை, பேரனுக்குப் பீஸ் என்று அளவாகத்தான் பயன்படுத்துவார். மாதா மாதம் மொத்தத் தொகையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும்படி ஆட்டோ டெபிட் போட்டிருந்தோம். வட்டி விழாது, கவலை இல்லை என்றுதான் நினைத்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11.40க்கு அவர் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ். கார்டில் 149 டாலர் செலவானதாக ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா காலையில் பார்த்துவிட்டு ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான், "ஏம்மா, டாலர்னு ஒண்ணு வந்திருக்கே, இது என்னன்னு பாரு" என்று போனை நீட்டினார். ரூபாயில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அவருக்கு ஓடிபி எதுவும் வரவில்லை, அவரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. போன் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத் தவறாகத்தான் நினைத்திருக்கிறார்கள். ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கேட்டே ஆக வேண்டும் என்பது நம் நாட்டு வியாபாரிகளிடம் ஆன்லைனில் கார்டு போடும்போதுதான். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்க சிவிவி, இவை இருந்தாலே பணம் போய்விடும். ஓடிபி வரவில்லை, அதனால் நம் பணம் பத்திரம் என்று இருந்துவிடக் கூடாது. அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, ஆனால் அவர் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்தே கிடந்தது. 2020ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, புதிதாகத் தரும் கார்டில் உள்நாட்டு ஏடிஎம்மும் கடையில் மெஷினில் செருகுவதும் மட்டும்தான் திறந்திருக்க வேண்டும். ஆன்லைன், வெளிநாடு, தொட்டுச் செலுத்துவது எல்லாவற்றையும் நாம் கேட்டால்தான் திறக்க வேண்டும், வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடுகிற வசதியும் தர வேண்டும். அப்பா கார்டில் யார் எப்போது திறந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. விண்ணப்பத்தில் டிக் அடித்தது அந்தப் பையனாக இருக்கலாம்.

அப்பா, "நாளைக்குத் திங்கட்கிழமை, பேங்க்ல நேரா போய் மேனேஜரைப் பார்த்துக்கலாம்" என்றார். அவர் தலைமுறைக்கு அதுதான் முறை. நான் கேட்கவில்லை. கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அப்போதே போன் போட்டேன். கூகுளில் தேடிக் கிடைக்கிற எண்ணுக்கு மட்டும் போடாதீர்கள், வாடிக்கையாளர் சேவை என்று போலி எண்ணைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பதே ஒரு கூட்டத்தின் தொழில். கார்டை முடக்கச் சொன்னேன், அந்த 149 டாலர் நாங்கள் செய்தது இல்லை என்று பதிவு செய்யச் சொன்னேன், புகார் எண்ணை வாங்கி அப்பாவின் காலண்டரில் எழுதி வைத்தேன், மணியோடு சேர்த்து. அதே விவரத்தை வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கும் அனுப்பினேன்.

திங்கட்கிழமை கிளைக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி, "ஓடிபி இல்லாம போகாது மேடம், வீட்ல யாராவது குடுத்திருப்பீங்க, யோசிச்சுப் பாருங்க" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. 71 வயது மனிதர், வாழ்நாளில் ஒரு ரூபாய் கடன் பாக்கி வைக்காதவர், நாற்பது பேர் நிற்கிற கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "நான் யாருக்கும் சொல்லலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பணத்தைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைக்கு வந்து இரவு முழுக்கத் தேடினேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி விட்ட சுற்றறிக்கை கிடைத்தது. அதில் இருப்பதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனையில் தவறு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்திருக்கிறது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் நாம் சொல்லிவிட வேண்டும், அப்படிச் சொன்னால் நமக்கு ஒரு பைசா பொறுப்பு கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் நம் பொறுப்புக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு: ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் லிமிட் உள்ளதற்கு 25,000. ஏழு நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். தவறு வங்கியின் பக்கம் என்றால் நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நமக்குப் பொறுப்பில்லை. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ஒன்று உண்டு. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்கிற பொறுப்பு வங்கியுடையது. 'ஓடிபி நீங்கள்தான் கொடுத்திருப்பீர்கள்' என்று யோசனையாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது, காட்ட வேண்டும்.

அந்தச் சுற்றறிக்கையை பிரின்ட் எடுத்து, அந்த வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது வேலை நாள் பணம் வரவாகிவிட்டது. பிறகு விசாரணை முடிந்து அது அப்படியே நிலைத்தும்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் போட்டிருக்காவிட்டால், அப்பா இன்னும் பத்து நாள் கழித்து பில் வந்ததும் கேட்டிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாலே பகீர் என்கிறது.

இதற்கு நடுவில்தான் இன்னொன்று வெளியே வந்தது. 149 டாலரைத் தேடி ஸ்டேட்மென்ட்டை எடுத்தபோது, அதே பக்கத்தில் கீழே 199 ரூபாய், அதற்கடுத்த வரியில் ஜிஎஸ்டி 35.82 என்று இருந்தது. சேர்த்தால் 234 ரூபாய் 82 காசு. ஏதோ 'கார்டு பாதுகாப்புத் திட்டம்' என்று சுருக்கெழுத்தில் ஒரு பெயர். முந்தைய மாதத்தை எடுத்தேன், இருந்தது. அதற்கு முந்தையதிலும் இருந்தது. பதினான்கு மாத ஸ்டேட்மென்ட்டையும் கடை மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே இரண்டு வரி. மொத்தம் 3,287 ரூபாய். ஆட்டோ டெபிட் போட்டிருந்ததால் நாங்கள் பில்லையே பார்த்ததில்லை.

கேட்டால், போனில் அப்பா சம்மதம் சொன்னாராம், பதிவு இருக்கிறதாம். சரி, அந்தப் பதிவைக் கொடுங்கள் என்றேன், இரண்டு முறை எழுதியும் கேட்டேன், வரவே இல்லை. கார்டோடு சேர்த்து வேறு எதையும் தலையில் கட்டுவதென்றால் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட கார்டு விதிகளிலேயே இருக்கிறது. 30 நாள் பொறுத்துவிட்டு, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் போட்டேன், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அப்புறம்தான் வங்கியிலிருந்தே போன் வந்தது, முழுத் தொகையும் திரும்பி வந்தது. ஒரே நாளில் போன பன்னிரண்டாயிரம் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டது, மாதா மாதம் கசிந்த இருநூற்றுச் சொச்சத்தைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து ஸ்டேட்மென்ட்டை பிரின்ட் எடுக்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். படித்துச் சொல்லச் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பேரன் 'ஒரு மாதம் இலவசம்' என்று சேர்ந்த ஏதோ ஆப், போனிலிருந்து எப்போதோ அழித்தாகிவிட்டது, ஆனால் பணம் மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கிறது. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். இப்படி மாதா மாதம் போகும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்று 2021 அக்டோபரிலிருந்து விதி நடைமுறையில் இருக்கிறது. நாளை இவ்வளவு எடுக்கப்படும் என்று வருகிற அந்த எஸ்எம்எஸ்ஸைத்தான் நாம் விளம்பரம் என்று தள்ளிவிடுகிறோம். 15,000 ரூபாய் வரையிலான மாதாந்திரப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொருவர், சின்ன ஹோட்டல் நடத்துகிறவர், 40,000 ரூபாய் பில்லுக்குக் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருந்த 2,000ஐ மட்டும் கட்டிவிட்டு, இந்த மாதம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தார். மீதி 38,000க்கு மாதம் மூன்றரை வட்டி என்றால் 1,330 ரூபாய், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. போதாததற்கு, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குகிற எதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. கணக்குப் போட்டுக் காட்டியதும், கந்து வட்டியே தேவலை போலிருக்கே என்றார். வருடத்துக்கு 42 சதவீதம். முப்பதுக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது, ஆகவே அந்தப் பக்கமிருந்து இப்போதைக்கு உதவி வராது. நாம்தான் முழுத் தொகையையும் கட்டிப் பழக வேண்டும். கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதை நினைத்தே பார்க்காதீர்கள், எடுத்த நொடியிலிருந்து வட்டி, மேலே தனிக் கட்டணம்.

ஓடிபி சொன்னவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு டீச்சர், படித்தவர், விவரமானவர். 'உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்றோடு காலாவதி' என்று வாட்ஸ்அப்பில் வங்கிச் சின்னத்தோடு ஒரு செய்தி, கூடவே ஒரு ஏபிகே பைல், அதாவது ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாகப் போனில் ஆப்பை ஏற்றிவிடும் பைல். நிறுவச் சொன்னார்கள், நிறுவினார். அது போனுக்குள் உட்கார்ந்துகொண்டு வருகிற எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் அவர்களுக்கு அனுப்பிவிடும், டீச்சர் வாயைத் திறந்து ஓடிபி சொல்லவே வேண்டாம். என் கடைக்கு ஓடி வந்தபோது கை நடுங்கியதில் போனை அவரால் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கி மேஜையில் வைத்தேன், அடுத்த எஸ்எம்எஸ் எங்கள் கண் முன்னாலேயே வந்தது, 48,000. இணையத்தைத் துண்டித்துவிட்டு, என் போனிலிருந்து வங்கிக்கும் உடனே 1930க்கும் பேசினோம். 1930 என்பது சைபர் நிதி மோசடிக்காகவே இருக்கிற அரசு எண், பணம் எடுத்தவன் கைக்குப் போவதற்குள் வழியிலேயே நிறுத்தி வைக்க முயல்வார்கள், அதனால் நிமிடக் கணக்குதான். முதலில் போனதில் ஒரு பகுதியை நிறுத்த முடிந்தது, எல்லாம் திரும்பவில்லை.

இங்கேயும் அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், அவர் புகார் செய்கிற வரைக்குமான நஷ்டம் அவருடையது, புகார் செய்த பிறகு நடக்கிற எதுவும் வங்கியின் பொறுப்பு. அதாவது, ஏமாந்தவருக்கும் நேரம்தான் காசு. டீச்சர் முதல் எஸ்எம்எஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் நாற்பது நிமிடம் வீட்டிலேயே அழுதுகொண்டு இருந்திருக்கிறார், கணவருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று. வீட்டில் இருப்பவர்களுக்கு என் கெஞ்சல் இதுதான், ஏமாந்துவிட்டு வந்து நிற்பவரைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில் அவர்கள் மறைக்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்தத் திருடனுக்குச் சம்பளம்.

அப்புறம் சின்னச் சின்னதாகச் சில. வங்கிச் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த ரிசர்வ் வங்கி 2025ல் சொல்லியிருக்கிறது, சாதாரண பத்து இலக்க மொபைலிலிருந்து 'பேங்க்லேர்ந்து பேசறோம்' என்றால் வைத்துவிடுங்கள். வங்கிகளின் இணைய முகவரி டாட் பேங்க் டாட் இன் (.bank.in) என்று முடிய வேண்டும் என்று அதே வருடம் அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தார்கள், லிங்க்கில் அந்த முடிவு இல்லையென்றால் திறக்கவே வேண்டாம். தொட்டுச் செலுத்தும் கார்டில் 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே போகும், பஸ்ஸில் பர்ஸ் தொலைந்தால் எடுத்தவன் அதைத்தான் முதலில் செய்வான், வேண்டாதவர்கள் ஆப்பில் அதை அணைத்து வையுங்கள். பெட்ரோல் பங்கில் கார்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள், மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள், தொகையைப் பார்த்துவிட்டுப் பின் எண்ணைப் போடுங்கள். கார்டே வேண்டாம் என்று தோன்றினால் மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். நாம் கேட்காமலே கார்டு அனுப்பி, அதற்குக் கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தந்து, அதைப்போல இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். இவையும் அந்த 2022 விதிகளில் இருப்பவைதான்.

இவ்வளவு விதி இருக்கிறது, ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில் எங்கோ இருக்கிறது. கார்டு நிபந்தனைகளை ஆங்கிலம், இந்தியோடு உள்ளூர் மொழியிலும் எளிமையாகத் தருவது நல்லது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கும்போது, 149 டாலர் போனது என்ற அந்த ஒரு வரி எஸ்எம்எஸ் அப்பாவுக்குத் தமிழில் வந்திருந்தால் அவர் சனிக்கிழமை காலையிலேயே என்னைக் கூப்பிட்டிருப்பார். எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. பணம் எடுக்கப்பட்டால் வருகிற எஸ்எம்எஸ்ஸும் ஸ்டேட்மென்ட்டும் கேட்பவர்களுக்குத் தமிழில் வர வேண்டும். அந்த மூன்று நாள், ஏழு நாள், பத்து நாள் கணக்கை ஒவ்வொரு கிளையின் சுவரிலும் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்ட வேண்டும், எஃப்டி வட்டி விகிதத்தை ஒட்டுகிற அதே பலகையில். உங்கள் நாளிதழ் இதை எழுதினால் வங்கிகள் காதில் விழும், என் போன்றவர்கள் கிளையில் நின்று கேட்டால் விழாது.

நாங்கள் வங்கிக்குத் தமிழில் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கக் கடிதத்தை, அப்பாவின் பெயரையும் எண்களையும் எடுத்துவிட்டு, வெற்றிடம் விட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அப்படியே வெளியிடுங்கள், யார் வேண்டுமானாலும் வெட்டி எடுத்து நிரப்பிக் கொடுக்கலாம். தஞ்சாவூரில் இருப்பவர்கள் என் கடைக்கு வந்தால் நகலுக்குக் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.